சைனஸ் ஸ்கேனில் பல்லைப் படிப்பது எப்படி: அறிக்கை எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து இரண்டாம் கருத்துக்காக என்னிடம் வரும் சைனஸ் சிடி அறிக்கைகளில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். "வலது மேக்சிலரி சைனஸில் சளிச்சவ்வு தடித்துள்ளது, சைனசைட்டிஸ்" என்ற அளவில் அறிக்கை முடிந்துவிடுகிறது. மேக்சிலரி சைனஸ் என்பது மேல் பற்களுக்கு மேலே, கன்னத்துக்குள் உள்ள காற்றறை; சைனசைட்டிஸ் என்பது அதன் அழற்சி. அதே படத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் கீழே, கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து கிடப்பதை எழுதியவர் பார்க்கவே இல்லை.

மேக்சிலரி சைனசைட்டிஸில் 10 முதல் 12 சதவீதம் பல்லிலிருந்து வருவதாகப் பாடநூல்களில் படித்திருப்போம். சிடியில் பற்களையும் சேர்த்துப் பார்த்த பிற்கால ஆய்வுகள் 40 சதவீதம் வரை சொல்கின்றன. ஒரு பக்கச் சைனஸ் மட்டும் நோயுற்றவர்களை எடுத்துக்கொண்டால் இந்த விகிதம் இன்னும் கூடுகிறது. எனவே சைனஸ் ஸ்கேனைக் கீழிருந்து மேலாக, பல்லில் தொடங்கிப் படிக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கதிரியக்கவியல் முதுநிலை மாணவர்களையும், தனியே அறிக்கை எழுதத் தொடங்கியுள்ள இளம் மருத்துவர்களையும், ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. ஸ்கேனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டில் பெரும்பாலும் "சைனசைட்டிஸ், சிடி பிஎன்எஸ்" (பிஎன்எஸ் என்றால் மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ்கள்) என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பல்லைப் பற்றிய வரலாற்றை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். நோயாளி மேசையில் படுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏனெனில் ஸ்கேனை எந்த இடம் வரை எடுப்பது என்பதையே அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது.

"பல் வலிக்கிறதா" என்று மட்டும் கேட்பதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஐம்பது வயது மீனவர் ஒருவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. "பல்லு இப்பம் ஒண்ணும் நோவல்ல, டாக்டரே. மூணு வருசத்துக்கு முன்ன நொந்தப்பம் வேரு சுத்தம் செஞ்சு கேப்பு போட்டாச்சு. நாத்தம்தான் தாங்க முடியல்ல." நமக்குத் தேவையான வரலாறு முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களில் இருந்தது. பல்லின் கூழ் (உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்திசு) செத்த பிறகு அந்தப் பல் வலிக்க வேண்டியதில்லை; வேர் நுனியில் சேரும் சீழ் சைனஸுக்குள் வழிந்துவிட்டால் அழுத்தமும் கூடாது, வீக்கமும் தெரியாது. வலி இல்லை என்பதால் பல்லை விலக்கிவிட முடியாது.

ஆகவே இவற்றைக் கேளுங்கள்: எந்தப் பக்கத்து மூக்கில் சளி வருகிறது, அதில் துர்நாற்றம் உண்டா, மேல் வரிசையில் பல் எடுத்தது, அடைத்தது, வேர் சிகிச்சை செய்தது, கேப் போட்டது, இம்பிளான்ட் வைத்தது எப்போது, வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் மூக்கு வழியாக வருகிறதா, சர்க்கரை நோய் உண்டா. பழைய ஓபிஜி படம் (எல்லாப் பற்களையும் ஒன்றாகக் காட்டும் எக்ஸ்ரே) வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். கொப்பளித்த நீர் மூக்கில் வருவதாக ஒருவர் சொன்னால், வாய்க்கும் சைனஸுக்கும் இடையே துளை இருக்கிறது என்று கருதியே படத்தைத் திறக்க வேண்டும்.

2. ஸ்கேன் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

இது டெக்னீஷியன்களுக்கான பகுதி. சைனஸ் ஸ்கேன் என்றால் அண்ணத்தோடு நிறுத்திவிடும் பழக்கம் பல மையங்களில் உண்டு. மேல் பற்களின் கடிக்கும் விளிம்பு வரை எடுங்கள். சைனஸின் தரை பெரியவர்களுக்கு மூக்கின் தரையைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். அண்ணத்தில் நிறுத்தினால் நோயின் மூலமே படத்துக்கு வெளியே போய்விடும். பல்லின் முடி (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி) தெரியாத படத்தில் சொத்தையையும் காண முடியாது, பற்களை எண்ணவும் முடியாது.

கழற்றக்கூடிய பல் செட்டைக் கழற்றச் சொல்லுங்கள். மேலும் கீழுமாகக் கேப் போட்டவர்களுக்குப் பற்களுக்கிடையே சுருட்டிய பஞ்சுத் துணியைக் கடிக்கக் கொடுத்தால், கீழ்ப் பற்களின் உலோகக் கீற்றுகள் மேல் வேர்களின் மீது விழாது. ஒரு நிமிட வேலைதான் இது. எத்தனையோ படங்களை இது காப்பாற்றியிருக்கிறது.

எலும்புக்கான கெர்னலில் (எலும்பைக் கூர்மையாகக் காட்டும் கணினி அமைப்பில்) 0.6 மில்லிமீட்டர் அளவு மெல்லிய துண்டுகளாக மறுகட்டமைப்பு செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். வேரைச் சுற்றியுள்ள தசைநார் இடைவெளியே அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது என்பதால், மூன்று மில்லிமீட்டர் துண்டில் தொடக்க நிலை மாற்றங்கள் கரைந்துபோகும். எலும்புக்கும் காற்றுக்கும் இயல்பிலேயே வேறுபாடு அதிகம் என்பதால் குறைந்த கதிர்வீச்சு அளவே போதும். கான்ட்ராஸ்ட் மருந்து வழக்கமான கேள்விக்குத் தேவையில்லை. கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

பல் மருத்துவமனைகளில் உள்ள சிபிசிடி (கூம்புக் கற்றை சிடி) வேர்களைச் சிடியைவிட நுணுக்கமாகக் காட்டும். ஆனால் மென்திசுவின் அடர்த்தியை அதில் நம்ப முடியாது. ஒன்றில் சந்தேகம் எழுந்தால் மற்றதைக் கேட்டுப் பெறலாம்.

3. திரையை அமைத்தல்

படத்தைத் திறந்தவுடன் வழக்கமான சைனஸ் விண்டோவிலேயே (திரையில் காட்டும் அடர்த்தி வரம்பிலேயே) பற்களைப் பார்க்காதீர்கள். விண்டோ அகலத்தை 3000 முதல் 4000 வரை விரியுங்கள். குறுகிய விண்டோவில் எனாமலும் கேப்பும் வேருக்குள் அடைத்த பொருளும் ஒரே வெள்ளைத் திட்டாகப் பரந்து, பக்கத்திலுள்ள நுண்ணிய கருங்கோட்டை மூடிவிடும்.

ஆக்சியல் (குறுக்குவெட்டு) தளத்தை அண்ணத்துக்கு இணையாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, கடைவாய்ப் பற்களின் வரிசைக்கு இணையாக ஒரு சாய்ந்த சேஜிட்டல் (முன்பின் நெடுவெட்டு) தளத்தை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே அமையுங்கள். வேர் நேராக நிற்பதில்லை. நேர்க் கொரோனல் (இடவல நெடுவெட்டு) படத்தில் பாதி வேர் ஒரு துண்டிலும் மீதி அடுத்த துண்டிலும் இருக்கும், நுனி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. தாடை வளைவைத் தொடர்ந்து வரையும் வளைதளப் படம், ஓபிஜி போன்ற ஒட்டுமொத்தத் தோற்றத்துக்கு உதவும். அளவெடுக்க அதை நம்ப வேண்டாம்.

4. பற்களை எண்ணுதல்

பன்னாட்டு இரட்டை இலக்க முறையில் மேல் வலது 11 முதல் 18 வரை, மேல் இடது 21 முதல் 28 வரை. நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பின்னாலிருந்து எண்ணுவது ஆபத்தானது, ஏனெனில் ஞானப்பல் முளைக்காமலோ எடுக்கப்பட்டோ இருக்கலாம். பல் சீரமைப்புக்காக முன்கடைவாய்ப் பல் எடுத்தவர்களிடம் 16 இருக்கும் இடத்தில் 17 நகர்ந்து வந்திருக்கும். எண்ணில் உறுதியில்லையென்றால் எண்ணோடு "மேல் வலது வரிசையில் கடைசியிலிருந்து இரண்டாவது, உலோகக் கேப் உள்ள பல்" என்று அடையாளத்தையும் சேர்த்து எழுதுங்கள். எண் தவறினால் பல் மருத்துவர் நல்ல பல்லைத் திறக்க நேரும்.

5. ஒவ்வொரு வேரையும் நுனிவரை பின்தொடர்தல்

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். சைனஸ் தரைக்கு மிக அருகில் இருப்பவை இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர்கள். அடுத்து முதல் கடைவாய்ப் பல். பிறகுதான் ஞானப்பல்லும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும். ஆகவே 17, 16, 27, 26 ஆகிய நான்கையும் முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாகக் கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று என மூன்று வேர்கள். மூன்றையும் தனித்தனியே முடியிலிருந்து நுனி வரை உருட்டிப் பாருங்கள். புதியவர்கள் கன்னப் பக்க வேர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு அண்ணப் பக்க வேரை விட்டுவிடுகிறார்கள். அது உட்புறமாக விரிந்திருப்பதால் அதே சாய்தளத்தில் வருவதில்லை.

ஆரோக்கியமான வேரைச் சுற்றி ஒரே அகலத்தில் மெல்லிய கருங்கோடும், அதற்கு வெளியே லேமினா டூரா என்ற வெண்கோடும் இருக்கும். நுனியில் கருங்கோடு அகலமாவதே முதல் அறிகுறி. பின்னர் வெண்கோடு அறுகிறது. அதன் பிறகே உருண்டையான கரும்பகுதி தெரிகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் கனிமம் 30 முதல் 50 சதவீதம் குறைந்த பிறகே கரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். "பல் எக்ஸ்ரே நார்மல்" என்று நோயாளி கொண்டுவரும் சீட்டு உங்கள் கண்ணைக் கட்டிவிடக் கூடாது.

சில வேளைகளில் கரும்பகுதிக்குப் பதிலாக, வேர் நுனிக்கு மேல் சைனஸ் தரையின் எலும்பு ஒளிவட்டம்போல் மேலே தூக்கப்பட்டிருக்கும். நுனியிலுள்ள அழற்சி எலும்புறையைத் தள்ளிப் புதிய எலும்பை உருவாக்கியதன் அடையாளம் அது. தரையின் மேடு பள்ளம் என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

வேர் சிகிச்சை செய்த பல்லைக் கண்டவுடன் "சரி செய்யப்பட்டது" என்று கடந்துபோவது மிகப் பெரிய தவறு. அடைபொருள் நுனி வரை போயிருக்கிறதா, குறுகி நிற்கிறதா, நுனியைத் தாண்டிச் சைனஸுக்குள் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் கடைவாய்ப் பல்லின் முன் கன்ன வேரில் இரண்டாவது கால்வாய் பெரும்பாலும் உண்டு. ஆக்சியல் துண்டில் அந்த வேரின் நடுவே அடைபொருளின் வெண்புள்ளி இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், எதிர்ப்பக்கத்தில் அடைக்கப்படாத கால்வாய் ஒன்று விடுபட்டிருக்கலாம் என்று தேடுங்கள். அதே வேளையில், அண்மையில் சிகிச்சை பெற்ற பல்லின் கரும்பகுதி மறைய மாதங்களாகும், சிலருக்கு ஆண்டுக்கு மேலும் ஆகும். சிகிச்சை நடந்த தேதி தெரியாமல் "தோல்வி" என்று எழுதுவது அந்தப் பல் மருத்துவருக்கு நாம் செய்யும் அநீதி.

நுனியோடு நின்றுவிடாதீர்கள். ஈறு நோயில் எலும்பு பல்லின் முடிப் பக்கத்திலிருந்து வேர் நுனியை நோக்கிக் கரைகிறது. எலும்பின் விளிம்பு, முடியும் வேரும் சந்திக்கும் கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பது இயல்பு. அதைத் தாண்டி விலகியிருந்தாலோ வேர்கள் பிரியும் கவட்டையில் எலும்பு இல்லாமலிருந்தாலோ குறிப்பிடுங்கள். வேரின் ஒரு பக்கம் முழுவதும் ஓடி நுனியைச் சுற்றி வளையும் கரும்பகுதி, செங்குத்து வேர் முறிவை நினைக்க வைக்க வேண்டும். முறிவுக் கோடு சிடியில் தெரியாமலும் போகலாம்.

ஏமாற்றும் இயல்புத் தோற்றங்கள் சில உண்டு. பல் முளைத்து இரண்டு மூன்று ஆண்டுகள் வரை வேர் நுனி மூடியிருக்காது என்பதால், எட்டு வயதுக் குழந்தையின் 16ஆம் பல்லின் நுனியில் தெரியும் கருமை நோயன்று. முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால் நடுவில் உள்ள இன்சிசிவ் துளை ஆறு மில்லிமீட்டர் அகலம் வரை இயல்பே. கேப்பின் உலோகக் கீற்று ஒன்று நுனியில் கருமையாகப் படிந்தால், அந்தக் கருமை பல்லைத் தாண்டி நேர்கோட்டில் நீள்கிறதா என்று பாருங்கள்; நீண்டால் அது கீற்று. உலோகக் கீற்றைக் குறைக்கும் மென்பொருள் சில நேரம் இல்லாத கருமையை உருவாக்கும் என்பதால், திருத்தாத படத்தையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

6. சைனஸ் தரையைப் படித்தல்

இப்போது வேரிலிருந்து ஒரு படி மேலே. தரையின் எலும்பு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று இரண்டு தளங்களிலாவது உறுதி செய்யுங்கள். வேர் சைனஸுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதன் மேல் தாள்போன்ற எலும்பு இருக்கக்கூடும். தடித்த துண்டில் அது துளையாகத் தெரியும்.

பல் எடுத்த குழியின் வழியாகக் காற்றோ மென்திசுவோ சைனஸ் வரை தொடர்ந்தால், இடைவெளியின் அகலத்தை அளந்து எழுதுங்கள். எலும்பில் துளை இருப்பதாலேயே திறந்த பாதை இருப்பதாகச் சொல்லிவிட முடியாது, ஈறு மூடியிருக்கலாம். ஆகவே "எலும்புக் குறைபாடு" என்று நீங்கள் கண்டதை எழுதி, வாய் நீர் மூக்கில் வரும் வரலாறு இருந்தால் அதையும் இணைத்துச் சொல்லுங்கள்.

தரையில் அமர்ந்திருக்கும் உருண்டைகளைப் பிரித்தறிவது அடுத்த வேலை. சளித் தேக்கக் கட்டி கவிகை வடிவில், எலும்பு விளிம்பு இல்லாமல், கீழே தரை அப்படியே இருக்க அமர்ந்திருக்கும். வேர் நுனிக் கட்டி தரையையே மேலே தள்ளுவதால் அதன் தலைமேல் மெல்லிய எலும்புக் கோடு தெரியும், அடியில் செத்த பல்லின் நுனி இருக்கும். முளைக்காத பல்லின் முடியைச் சுற்றி, முடியும் வேரும் சந்திக்கும் கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது டென்டிஜெரஸ் கட்டி.

7. சைனஸும் அதற்கு மேலும்

சைனஸுக்கு இப்போதுதான் வருகிறோம். சளிச்சவ்வு இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்திருந்தால் அளவோடு எழுதுங்கள். நோயுற்ற வேரின் மேல் மட்டும் தடித்து மற்ற சுவர்களில் மெல்லியதாக இருந்தால், பல்லே காரணம் என்பதற்கு அது நல்ல சான்று.

சைனஸின் இயல்பான வாய் (மூக்குக்குள் வடியும் திறப்பு) திறந்திருந்தும் உள்ளே நிரம்பியிருந்தால், நோய் கீழிருந்து வந்திருக்கலாம். வாய் அடைபட்டிருந்தால் பல்லை விலக்கிவிடலாம் என்று தலைகீழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்லிலிருந்து வந்த அழற்சியே நாளடைவில் வாயை அடைத்து, அதே பக்கத்து எத்மாய்டு (கண்களுக்கிடையே), ஃபிரான்டல் (நெற்றியில்) சைனஸ்கள் வரை போய்விடும்.

மென்திசு விண்டோவுக்கு ஒருமுறை மாறுங்கள். நிரம்பிய சைனஸின் நடுவே வெண்ணிறத் துகள்கள் தெரிந்தால் பூஞ்சைப் பந்தையும், நுனியைத் தாண்டி வழிந்த வேர் அடைபொருளையும், உள்ளே தள்ளப்பட்ட வேர்த் துண்டையும் நினைக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடு கலந்த அடைபொருள் பூஞ்சை வளர இடம் கொடுக்கும் என்பதால் முதலிரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மூக்குத்தண்டு வளைவு போன்ற அமைப்பு வேறுபாடுகளை வழக்கம்போல் எழுதுங்கள்.

8. பல்லின் மீது பழியைப் போடும் முன்

கெட்ட பல் ஒன்று படத்தில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்கக் கூடாது. சொத்தைப் பல் பலருக்கும் உண்டு. புற்றுநோய் அதன் பக்கத்திலேயே வளரக்கூடும்.

சைனஸ் சுவர் அரிக்கப்பட்டிருந்தால், சைனஸுக்குப் பின்னாலும் முன்னாலும் உள்ள கொழுப்பு கலங்கியிருந்தால், நோய் கண் குழிக்குள் நீண்டிருந்தால், பல அடுத்தடுத்த பற்கள் ஒரே நேரத்தில் ஆடத் தொடங்கியிருந்தால் நிறுத்தி யோசியுங்கள். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலைக்குப் பின் மியூகார்மைகோசிஸ் (கருப்புப் பூஞ்சை) நோயாளிகள் பலர் பல் ஆடுகிறது என்றுதான் முதலில் பல் மருத்துவரிடம் போனார்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவருக்குச் சுவர் முழுதாக இருக்கும்போதே கொழுப்பில் கலக்கம் தெரியலாம். இத்தகைய படத்தை அறிக்கை தட்டச்சாகும் வரை காக்க வைக்காமல் உடனே தொலைபேசியில் சொல்லுங்கள்.

9. அறிக்கையை எழுதுதல்

நான் பணி செய்த ஒரு மருத்துவமனையில், பெண் ஒருவருக்கு இரண்டு முறை சைனஸ் அறுவை செய்தும் நாற்றம் நிற்கவில்லை. மூன்றாம் ஸ்கேன் என் கைக்கு வந்தபோது முதல் ஸ்கேனை எடுத்துப் பார்த்தேன். 27ஆம் பல்லின் அண்ணப் பக்க வேரில் கரும்பகுதி அன்றே இருந்தது. அந்த முதல் அறிக்கையை எழுதியவன் நான். அறிக்கையின் விவரிப்புப் பகுதியில் "பற்களில் மாற்றங்கள் காணப்படுகின்றன" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். முடிவுரையில் பல் இல்லை. அறுவை மருத்துவர் படிப்பது முடிவுரையை. அன்றிலிருந்து பல்லைப் பற்றிய கண்டுபிடிப்பை முடிவுரையின் முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

நாம் ஆங்கிலத்தில் எழுதினாலும் உள்ளடக்கம் இப்படி அமைய வேண்டும்: "27ஆம் பல்லின் அண்ணப் பக்க வேர் நுனியில் 5 மில்லிமீட்டர் கரும்பகுதி, அதன் மேல் சைனஸ் தரையில் 2 மில்லிமீட்டர் எலும்புக் குறைபாடு, இடது மேக்சிலரி சைனஸ் முழுதும் நிரம்பியுள்ளது, சைனஸின் வாய் அடைபட்டுள்ளது. பல்லிலிருந்து வந்த சைனசைட்டிஸ் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பல் மருத்துவர் கூழின் உயிர்ப்பைச் சோதித்துப் பார்ப்பது நல்லது."

பல்லின் எண், வேர், அளவு, தரையின் நிலை, சைனஸின் நிலை, நம் உறுதியின் அளவு ஆகியவை இதில் இருக்கின்றன. பல்லைப் பிடுங்க வேண்டும் என்றோ அறுவை முதலில் என்றோ எழுதாதீர்கள். அந்த வரிசையைப் பல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். "மருத்துவ ரீதியாகத் தொடர்புபடுத்தவும்" என்ற வெற்று வரியை விட்டுவிட்டு, எந்தச் சோதனை தேவை என்பதைச் சொல்லுங்கள்.

பற்கள் நன்றாக இருந்தாலும் எழுத வேண்டும். "மேல் பற்களின் வேர் நுனிகள் பார்க்கப்பட்டன, நோய்க்குறி இல்லை" என்ற வரி அடுத்து வருபவருக்குப் பெரிய உதவி. உலோகக் கீற்றால் 16ஆம் பல்லைப் பார்க்க முடியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். பார்க்க முடியாததை நார்மல் என்று எழுதக் கூடாது.

10. அறிக்கையோடு அனுப்ப வேண்டிய படங்கள்

பல் மருத்துவரிடம் சிடியைத் திறக்கும் வசதி பல நேரம் இருக்காது. அருமனையிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ பேருந்தில் வரும் நோயாளி கையில் கொண்டுபோவது ஒரு பிலிமும் ஒரு தாளும்தான். ஆகவே அந்த வேரின் சாய்தளப் படம், ஆக்சியல் படம், கொரோனல் படம் மூன்றையும் பெரிதாக்கி, அம்புக்குறியும் பல் எண்ணும் இட்டு, பிலிமின் முதல் வரிசையில் வையுங்கள். நோயாளியிடமும் கண்ணாடி முன் விரலை வைத்துக் காட்டி, "இந்தப் பல்லைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள், மூக்கு டாக்டரிடமும் இதே தாளைக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். மறு ஸ்கேன் வந்தால் அதே சாய்தளத்தை அமைத்து, அதே இடத்தில் அளந்து எழுதுங்கள்.